கந்தலைச் சொன்ன பொருநன்

பேசி முடித்ததும் அந்தப் பெண் இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். இடது கை அடங்கிக் கிடந்தது. வலது கையின் கட்டைவிரல் மட்டும் துப்பட்டாவின் ஓரத்தைக் கீழிருந்து மேலாக ஒருமுறை தடவி, ஒரு கணம் நின்று, மீண்டும் கீழிருந்து மேலாகத் தடவி, யாருடைய ஏவலுமின்றித் தன் பாட்டுக்கு இயங்கிக்கொண்டிருந்தது. அறையில் இருந்த ஏழெட்டுப் பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் பேசி முடித்தபின் மற்றவர்கள் பதில் சொல்லாமல் சற்று நேரம் இருக்க வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. தலைக்கு மேலே பழைய மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகியது. மூலையில் பெஞ்சின்மேல் ஓர் எவர்சில்வர் தூக்குவாளி இருந்தது. வருகிறவர்கள் செல்போனை அதில் போட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். அந்த மௌனத்தில் வாளிக்குள் ஏதோ ஒரு போன் அதிர, வண்டு அகப்பட்டுக்கொண்டதுபோல் பாத்திரம் முழுவதும் ரீங்கரித்தது. எல்லோருடைய கண்களும் ஒருமிக்க அந்தப் பக்கம் திரும்பி, திரும்பியதற்கு வெட்கப்பட்டவைபோல மறுபடி தரையை நோக்கின. அவளுடைய விரல் அப்போதும் நிற்கவில்லை. இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. அவள் சொன்ன விஷயத்தின் கனம்கூட என் மனத்தில் ஓரளவு குறைந்துவிட்டது. அந்த விரல் மட்டும் குறையவில்லை. இதை எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். “எழுதுறதுன்னா எழுதுங்க சார். நான் சொன்னதை மட்டும் எழுதாதீங்க” என்றாள். ஆகவே அவள் சொன்னது இங்கே இல்லை. விரலை எழுத மட்டுமே எனக்கு அனுமதி உண்டு.

அந்த அறைக்கு நான் பார்வையாளனாகப் போகவில்லை. நாற்பது வருஷம் பழகிய நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு காலமானார். மயானத்திலிருந்து திரும்பிக் குளித்த ஈரம் காயுமுன்பே சமூக ஊடகத்தில் என் பக்கத்தில் அவரைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினேன். துக்கத்தில் எழுதியதுதான், அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் எழுதிய கால் மணி நேரத்தில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். பிறகு பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை பார்த்தேன். இரவு இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தேன். மற்றொரு நண்பர் எழுதிய இரங்கலுக்கு என்னுடையதைவிட அதிகமான விருப்பக்குறிகள் விழுந்திருந்தது கண்டு, இறந்தவரிடத்தில் எனக்கிருந்த உரிமையை யாரோ பறித்துவிட்டதுபோல் மனம் கசந்தது. அந்தக் கசப்பை நான் அடையாளம் கண்டுகொண்டது மறுநாள் காலையில்தான். பிணத்தின் முன் நின்று பந்தயம் கட்டியவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றிய அந்தக் காலை வேளையை நான் எவரிடமும் சொல்லவில்லை; மனைவியிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவள் சமாதானம் செய்வாள். எனக்கு வேண்டியிருந்தது சமாதானம் அல்ல. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், ஊரார் எல்லோருக்கும் டீச்சர், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பழைய படிப்பகம் ஒன்றின் மாடியில் இப்படிச் செல்போனில் சிக்கியவர்களைக் கூட்டி உட்காரவைக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். பின்பக்கத்து மரப்படியில் மூன்றாவது படி ஆணி கழன்று கிடந்தது. தெரியாமல் மிதித்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். என் வயதில் பாதிகூட ஆகாதவர்கள் மத்தியில் அந்தச் சிராய்ப்பின் எரிச்சலோடு உட்கார்ந்து, மூன்று வாரம் கழித்து, இறந்த நண்பரையும் இரவு இரண்டு மணியையும் பற்றிச் சொன்னேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எதிரே இருந்த ஒரு கல்லூரிப் பையன் மட்டும், தானும் அப்படிச் செய்ததுண்டு என்பதுபோல், மெல்லத் தலையைத் தாழ்த்தினான்.

சங்கடம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. சொல்லி முடித்த கணத்தில் என் கண்கள் அந்த ஏழெட்டு முகங்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தன. எதற்காக? யாருடைய முகம் இளகியிருக்கிறது, யாருடைய கண் கலங்கியிருக்கிறது என்று பார்ப்பதற்காக. அந்தப் பெண்ணின் விரல் துப்பட்டாவில் எதைத் தேடிக்கொண்டிருந்ததோ அதையே என் கண்களும் தேடின. 2009ஆம் வருஷம் ஃபேஸ்புக்கில் முதன்முதல் அந்தக் கட்டைவிரல் குறி வந்தபோது அது ஒரு சௌகரியம் என்றுதான் எல்லோரும் எண்ணினோம். பிறர் மனத்தில் நமக்குள்ள இடத்தை எண்ணிக்கையாகப் பார்க்கும் பழக்கத்தை அது நம் உடம்பிலேயே எழுதிவிடும் என்று எண்ணவில்லை. அப்படி எழுதப்பட்ட உடம்பை எடுத்துக்கொண்டுதானே நாங்கள் அந்த மாடிக்கு ஏறி வந்திருக்கிறோம்? கடையை மூடிவிட்டு வந்தவன் தராசை மடியில் கட்டிக்கொண்டு வந்ததுபோல. அப்படியானால் ஞாயிறு மாலை வட்டமும் ஒரு சின்னச் சபைதானா? ஆயிரம் பேருக்குப் பதில் எட்டுப் பேர், படத்துக்குப் பதில் காயம் என்பதைத் தவிர, அங்கே மாறியது என்ன? இந்தக் கேள்வியை நான் பல மாதம் சுமந்து திரிந்தேன். ஒருவருக்கொருவர் துணையிருத்தல் நல்லது என்று பொதுப்படச் சொல்லிவிடுவது சுலபம். அது எதனால் நல்லது, எந்த இடத்தில் நல்லதல்லாமல் போகும் என்பதைச் சொல்ல முயலும்போதுதான் நாக்கு தடுமாறுகிறது.

இந்தத் தடுமாற்றத்தில் எனக்கு நினைவுக்கு வந்தது ஒரு பழைய சம்பவம். 1935 மே மாதத்தில், அமெரிக்காவின் ஒஹாயோ மாகாணத்து ஆக்ரன் நகரில், ஒரு விடுதியின் கூடத்தில், வியாபாரத்துக்கு வந்து அதில் தோற்றுக் கையில் காசின்றித் தனியே நின்றுகொண்டிருந்தார் பில் வில்சன் என்ற நியூயார்க்காரர். ஐந்து மாதமாகக் குடிக்காதிருந்தவர். கூடத்தின் ஒரு பக்கம் மதுக்கூடம். அங்கிருந்து சிரிப்பும் பேச்சும் வந்துகொண்டிருந்தன. இன்னொரு பக்கம் தொலைபேசியும் ஊர்த் தேவாலயங்களின் பட்டியலும். அவர் தொலைபேசியின் பக்கம் நடந்தார். அவர் கேட்டது வைத்தியரையோ உபதேசியையோ அல்ல. தன்னைப்போல் மீளமுடியாமல் தவிக்கும் இன்னொரு குடிகாரனைக் காட்டுங்கள் என்றுதான் கேட்டார். அப்படிக் கிடைத்தவர் அவ்வூர் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். பதினைந்து நிமிஷம் போதும் என்ற நிபந்தனையோடு மே 12 மாலையில் சந்திக்க வந்த ஸ்மித், ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்துவிட்டார். இடையில் ஒருமுறை சறுக்கி, ஜூன் 10ஆம் தேதி அவர் கடைசியாகக் குடித்தார். அந்தத் தேதியைத்தான், குடியிலிருந்து மீள்வோர் ஒருவருக்கொருவர் துணையிருக்கும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கம் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. இந்தக் கதையில் என்னை நிறுத்துவது பின்னால் பெருகிய இயக்கமன்று. அதற்கு முந்திய ஐந்து மாதம். அந்த ஐந்து மாதமும் வில்சன் குடிகாரர்களைத் தேடித் தேடிப் போதித்திருக்கிறார், ஒருவரும் திருந்தவில்லை, ஆனால் போதித்தவர் மட்டும் குடிக்காமல் இருந்துவிட்டார். ஆக்ரனில் அவர் செய்த மாறுதல் ஒன்றுதான்: உன்னைக் காப்பாற்ற வந்தேன் என்று சொல்லவில்லை, நீ இல்லாவிட்டால் நான் இன்றிரவு குடித்துவிடுவேன் என்ற நிலையில் போய் நின்றார். உதவுகிறவனுக்கே உதவியின் பலன் முதலில் சேர்கிறது என்னும் இந்த விசித்திரத்தை 1965இல் ஃபிராங்க் ரீஸ்மன் என்பவர் ஒரு கட்டுரையில் தத்துவமாகவே எடுத்துரைத்தார். தத்துவமாகச் சொல்லும்போது அது சுத்தமாக இருக்கிறது. விடுதிக்கூடத்தின் நடுவே நின்று எந்தப் பக்கம் நடப்பது என்று தவித்த மனிதனாகப் பார்க்கும்போதுதான் எனக்கு அது புரிகிறது.

ஆனால் ‘தன்னைப்போல் இன்னொருவன்’ என்பதில் ஒரு பெரிய அபாயம் ஒளிந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போவது தர்மம் ஆகாது. லண்டனைச் சேர்ந்த மாலி ரஸ்ஸல் என்ற பதினான்கு வயதுச் சிறுமி 2017 நவம்பரில் உயிரிழந்தாள். ஐந்து வருஷம் கழித்து, 2022 செப்டம்பரில், மரண விசாரணை அதிகாரி, மனச்சோர்வோடு இணையத்தில் அவள் கண்டவற்றின் தீய விளைவுகளும் சேர்ந்த நிலையில் தனக்குத்தானே இழைத்துக்கொண்ட தீங்கினால் அவள் இறந்தாள் என்று பதிவு செய்தார். கடைசி ஆறு மாதத்தில் இன்ஸ்டாகிராமில் அவள் சேமித்து வைத்த, விரும்பிய, பகிர்ந்த பதிவுகள் 16,300. அவற்றில் 2,100 மனச்சோர்வையும் சுயவதையையும் தற்கொலையையும் பற்றியவை என்று விசாரணையில் தெரிந்தது. அந்த எண்ணைப் படித்த அன்று என் சிந்தனை முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. ஏனென்றால் அந்த யந்திரமும் அவளுக்குச் செய்தது அதுதானே: உன்னைப்போல் துயரப்படுகிறவர்கள் இதோ இருக்கிறார்கள், இதோ இன்னும் இருக்கிறார்கள் என்று காட்டிக்கொண்டே இருந்தது. ஒத்த துயரத்தைக் கண்டுபிடித்து ஒன்றுசேர்ப்பதில் அதற்கு நிகரான சாமர்த்தியம் எந்த டீச்சருக்கும் கிடையாது. அங்கே இல்லாதது ஒன்றுதான்: அந்தத் துயரத்தின் மறுகரைக்குக் கொஞ்சமாவது நடந்துபோய், திரும்பி வந்து, அவள் முகத்தைப் பார்க்கும் ஒரு மனிதர். இருண்ட கிணற்றில் விழுந்தவனுக்கு மேலும் இரண்டாயிரம் கிணறுகளைக் காட்டுவது துணை ஆகாது. ஒத்த காயம் மட்டும் மருந்தல்ல. சில வேளை அதுவே விஷம்.

இப்படி எண்ணி மறுகிக்கொண்டிருந்த நாட்களில்தான், தினமும் கையாளும் ஒரு சொல் திடீரென்று என்முன் வந்து நின்றது. மனம் நொந்தவர்க்கு வழிகாட்டும் தொழிலை இன்று ‘ஆற்றுப்படுத்துதல்’ என்று எழுதுகிறோம். எழுதும்போது அந்தச் சொல்லின் பிராயத்தை நினைப்பதில்லை. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைகள்; முருகனிடம் வழிப்படுத்தும் ஒன்றை ஒதுக்கினால், மற்ற நான்கிலும் நடக்கும் காரியம் ஒன்றே. வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்புகிற ஒரு கலைஞன், பசியோடு எதிரே வருகிற இன்னொரு கலைஞனை வழியில் நிறுத்தி, எப்படிப் போக வேண்டும், எங்கே தங்கலாம், எங்கே ஆபத்து என்று சொல்கிறான். அவன் ஆசானும் அல்ல, அதிகாரியும் அல்ல; அதே தொழில், அதே பசி, அதே சாலை. முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையைப் பள்ளிப் பருவத்தில் படித்தபோது கரிகாலன் கொடுத்த ஆடையைத்தான் ரசித்தேன்: இழை போன வழி கண்ணுக்குத் தெரியாத, பாம்பின் சட்டைபோல் மெல்லிய, பூவேலை செய்த துகில். இப்போது திரும்பப் படிக்கையில் அதற்கு முன்னால் வரும் இடத்திலேயே கண் நின்றுவிடுகிறது. அந்தத் துகில் தரப்படுமுன் தன் உடம்பில் இருந்தது எது என்பதையும், வழிகாட்டும் கலைஞனான அந்தப் பொருநன் சொல்லுகிறான்: வியர்வையில் ஊறிப்போன, பேன் குடியேறிய, வேற்று நூலால் ஒட்டுப்போட்ட கந்தல். அதைச் சொல்ல வேண்டிய நிர்ப்பந்தம் அவனுக்கு என்ன? துகிலை மட்டும் காட்டியிருக்கலாம். எதிரே நிற்பவனும் கந்தல் உடுத்தவன். துகிலை மட்டும் காட்டினால் அவன் கூசிப் போவான், அல்லது பொறாமைப்படுவான். சாலையில் காலெடுத்து வைக்க மாட்டான். கந்தலைச் சொன்னதால்தான் அது ஆற்றுப்படை ஆயிற்று. நம் கைக்குள் ஒளிரும் அந்தச் சிறு கண்ணாடியோ, ஒரு பக்கம் துகிலை மட்டும் காட்டுகிறது, கல்யாணமும் வெளியூர்ப் பயணமும் மெலிந்த இடுப்புமாக. இன்னொரு பக்கம், மாலிக்குக் காட்டியதுபோல், கந்தலை மட்டும் காட்டுகிறது. இரண்டையும் ஒரே உடம்பில் உடுத்தவன், ஒன்றிலிருந்து மற்றதற்கு நடந்து வந்தவன், அதில் அகப்படுவதில்லை.

இதையும் சந்தேகத்துக்கு உட்படுத்தியாக வேண்டும். கந்தலையும் காட்சிப்பொருளாக்கலாம். தன் அழுகையைத் தானே படம் பிடித்துப் போட்டு, அதைப் பார்த்தவர்களின் தொகையைக் கண்டு மறுபடி அழுகிற பிள்ளைகளை அந்த மாடியில் பார்த்திருக்கிறேன். அவர்கள் பொய்யர்கள் அல்லர், சொல்வதற்கு வேறு இடம் அறியாதவர்கள். அப்படியானால் நாங்கள் அங்கே சொல்லுவதும் ஏன் அப்படி ஆகாது? ஆகலாம். ஆகாமல் தடுப்பதற்குத்தான் அந்த மௌனம் என்று இப்போது நினைக்கிறேன். ஆக்ரனில் தொடங்கிய மரபைப் பின்பற்றும் பல கூட்டங்களிலும் இந்த ஏற்பாடு உண்டு: ஒருவர் பேசினால் அதற்கு அபிப்பிராயம் சொல்லக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது, மெச்சவும் கூடாது. நான் பேசிய முதல் நாள் அது எனக்குக் கொடுமையாகத்தான் பட்டது. என் நண்பரைப் பற்றிச் சொல்லிவிட்டு முகங்களைத் துழாவினேனே, அந்தத் துழாவலுக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஐந்தாறு வாரம் அப்படி வெறுங்கையோடு திரும்பிய பின்புதான் கண்கள் துழாவுவதைக் கொஞ்சம் மறந்தன. எண்ணுவதற்கு எதுவும் கிடைக்காத இடத்தில் எண்ணும் பழக்கம் மெல்ல இளைக்கிறது. பெயரைச் சொல்லாதிருப்பதும் அப்படித்தான். இணையத்திலும் பெயரில்லாதவர்கள் இருக்கிறார்கள். முகத்தையும் சேர்த்து மறைத்துக்கொண்டதால் அவர்கள் கல்லெறியத் துணிகிறார்கள். இங்கே பெயர் மட்டும் இல்லை, முகம் இருக்கிறது. ஆகவே கல்லெடுக்கக் கை எழுவதில்லை.

கூட்டம் முடிந்ததும் டீச்சர் ஃபிளாஸ்கில் கொண்டுவந்த பாலில் டிகாக்‌ஷனைக் கலந்து, டபராவிலிருந்து டம்ளருக்கும் டம்ளரிலிருந்து டபராவுக்குமாக ஆற்றித் தருவார். ஆறுதல் என்ற சொல்லின் பக்கத்திலேயே ஆற்றுதல் என்ற சொல்லும் நிற்பதை அவர் கைகளைப் பார்த்துத்தான் உணர்ந்தேன். புண்ணும் ஆறும், கோபமும் ஆறும், தானாக, காலம் போனால். ஆனால் காபியை ஆற்றுவதற்கு இரண்டு பாத்திரம் வேண்டும். ஒன்றில் இருந்த சூடு மற்றதையும் சுடவைத்துத்தான் தணிகிறது; வாங்கிக்கொள்ளும் பாத்திரமும் சுடும் என்பது ஊற்றுகிற கைக்குத் தெரியும். 1953இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், உயிரை வெறுத்தவர்கள் தன்னை வந்து காணலாம் என்று அறிவித்தார். கூட்டம் பெருகிற்று. காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்கச் சாதாரண மனிதர்கள் சிலர் உதவிக்கு வந்தார்கள். கொஞ்ச நாளில் அவர் ஒன்றைக் கவனித்தார்: தேநீர் குடித்துப் பேசிக்கொண்டிருந்தவர்களில் பலருக்குத் தம்மைக் காணவேண்டிய தேவையே இல்லாமல் போயிருந்தது. அடுத்த வருஷமே அந்தப் பணியை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டார். சமாரிட்டன்ஸ் என்ற அமைப்பு அப்படித் தோன்றிற்று. 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய ‘சினேகா’விலும் செவிகொடுப்பவர்கள் தன்னார்வலர்களே. இதனால் வைத்தியம் வேண்டாம் என்று ஆகிவிடாது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2014 முதல் செல்போனிலும் இணையத்திலும் சிக்கியவர்களுக்கெனவே ஒரு சிகிச்சைப் பிரிவு நடப்பது வெறும் ஆடம்பரத்துக்கல்ல. தூக்கமும் பசியும் போய், உயிரின்மேல் பிடிப்புத் தளர்ந்தவரிடம் எங்களைப் போன்றவர்கள் செய்யக்கூடியது, தாமதிக்காமல் டாக்டரிடம் அழைத்துப்போய், அவர் பெயரைக் கூப்பிடும்வரை பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது. அந்தப் பெஞ்சில் உட்காருவதும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

இன்னொரு முடிச்சு அவிழாமலே இருக்கிறது. குடியை விட்டவன் மதுக்கடைத் தெருவைச் சுற்றிக்கொண்டு போகலாம். இந்தப் பிள்ளைகளுக்குக் கல்லூரி அறிவிப்பு வருவதும் அந்தச் செல்போனில்தான், ஊரிலிருந்து அம்மா கூப்பிடுவதும் அதில்தான், பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு கொடுப்பதும் அதில்தான். சாப்பாட்டில் அடக்கம் இழந்தவன் சாப்பிடாமலே இருந்துவிட முடியாது. தினம் மூன்று வேளை தன் எதிரியோடு பந்தியில் உட்கார வேண்டும். இவர்கள் நிலையும் அதுவே. இணையத்திலும் திரைகளிலும் சிக்கியவர்களுக்காக ஆக்ரன் மரபையே பின்பற்றி 2017இல் உருவான ஓர் உலகளாவிய கூட்டமைப்பின் கூட்டங்கள் பெரும்பாலும் நடப்பது தொலைபேசி வழியிலும் காணொளி வழியிலும்தான் என்று அறிந்தபோது முதலில் எனக்கு அது முரண்பாடாகப் பட்டது. பிறகு யோசித்தேன்: தன் ஊரில் தன்னைப்போல் ஒருவரும் இல்லாதவனுக்கு அதே கம்பியைத் தவிர வேறு சாலை எது? சாலை ஒன்றுதான், அதில் யார் எதிர்ப்படுகிறார்கள் என்பதைப் பொறுத்தது மற்றதெல்லாம். தூக்குவாளி ஒரு மணி நேரத்துக்குத்தான். கூட்டம் முடிந்ததும் ஒவ்வொருவரும் தத்தம் போனை எடுக்கையில், எடுத்தவுடன் பார்க்காமல் படி இறங்கும்வரை கையிலேயே வைத்துக்கொண்டு நடக்கப் பழகுகிறார்கள். பதினான்கு படி. சிலர் ஏழாவது படியில் பார்த்துவிடுகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டதால் தாமதமாகப் போனேன். மாடிப்படியின் அடியில், சைக்கிளில் நனைந்து வந்த ஒரு பையன் ஏறுவதா திரும்புவதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான். கையில் போன், திரையில் மழைத்துளி, அதைச் சட்டையில் துடைப்பதும் மறுபடி பார்ப்பதுமாக இருந்தான். அவனை அழைத்துப்போக யாரும் ஏற்பாடு செய்திருக்கவில்லை. உள்ளேயிருந்து அந்தப் பெண் இறங்கி வந்தாள். அவன் பெயரைக் கேட்கவில்லை. எதற்கு வந்தாய் என்றும் கேட்கவில்லை. அவளுடைய விரல் குணமாகிவிட்டதா என்று நான் பார்க்கவில்லை, பார்க்கத் தோன்றவில்லை. “மூணாவது படி ஆடும். சுவரைப் புடிச்சுக்கிட்டு வாங்க” என்றாள் அவனிடம். பிறகு, இரண்டு படி ஏறித் திரும்பி, “நானும் மொத நாள் அதுலதான் விழுந்தேன்” என்றாள். அவன் போனைப் பையில் போட்டுவிட்டு, சுவரைத் தடவிப் பிடித்தபடி, அவள் பின்னால் ஏறினான்.